ஆரம்பத்திலிருந்தே சொல்லட்டும்

என் வேலு மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் பஸ் ஓடுகிறதா என்று எனக்குத் தெரியாது. ஓடினால் ஜன்னலோர சீட்டில் எனக்கும் ஒரு துண்டு போட்டு வை. நான் வர நாளாகும், அவசரமில்லை.

இங்கே ரயில் மறுபடி ஓடுகிறது. நாம் படித்தபோது பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்களே, அதே கடலூர் - சிதம்பரம் பாதைதான். போன வெள்ளிக்கிழமை அந்த ரயிலில் நம் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கணிதத் துறையில் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாள். மதியம் நான் சிறப்புப் பேச்சாளர். சிரிக்காதே. கடலூரில் ஒரு கல்லூரியில் வாத்தியாராகித் தொப்பையும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு சிறப்பு தானாக வந்துவிடுகிறது.

அதே ஹால். தட்டினால்தான் பேசும் அதே மைக். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் உன் பேச்சு வந்தாலே எனக்கு நடுவிலிருந்து சொல்லத் தெரிவதில்லை, முதலிலிருந்துதான் வரும். அந்த வியாதி யாரிடமிருந்து தொற்றியது என்று உனக்கே தெரியும்.

நான் செம்மண்டலம், நீ சோனாங்குப்பம். என்னை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆங்கிலத்தில் பைபிள் வாசிக்க வைத்தே வளர்த்தார்கள். உன் அப்பா கடலுக்குப் போகிறவர். உங்கள் குப்பத்தில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் நீ. ஒரே வருடம் பிஎச்.டி.க்குச் சேர்ந்தோம், தினமும் ஒரே பஸ். முதல் நாளே என்னை மச்சான் என்று கூப்பிட்டாய். எந்த வழியில் நான் உனக்கு மச்சான் என்று கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"பஸ்ல நின்னுகிட்டு வர்றவன் எல்லாம் மச்சான்தான். உக்காந்து வர்றவன்தான் சார்" என்றாய்.

நாம் சேர்ந்தது கடல் ஊருக்குள் வந்த மறுவருடம். நம் இருவருக்கும் ஒரே கைடு. மனிதர் நல்லவர், உன் நன்மைக்குத்தான் சொன்னார்: அலையை வைத்துக் கணக்குப் போடு, இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அந்த ஊர்க்காரனே செய்தால் இன்னும் மதிப்பு என்று. நீ தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய். "அலை வேணாம் சார். அது எங்கம்மாவ எடுத்துக்கிட்டுப் போயிருக்கு." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

நேராக விடை கிடைக்காத சமன்பாட்டைப் புள்ளி புள்ளியாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஏறக்குறைய விடையைக் கணிப்பொறியில் எடுப்பதுதான் நம் பிழைப்பு. அதில் உனக்கு வாய்த்தவை ஒரு மாதிரியான சமன்பாடுகள். போகிற தூரமெல்லாம் சாதுவாகப் போய், ஒரு ஓரத்தில் மட்டும் சடாரென்று எகிறும். இதை எத்தனையோ பெரிய ஆட்கள் விளக்கிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்குப் புரிந்தது, நீ ஒருநாள் கண்டக்டரிடம் சொன்னபோதுதான்.

"கடலூர்ல எடுத்த வண்டி புதுச்சத்திரம் தாண்டியும் ஒரே மாதிரி ஓடுது இல்லண்ணே? சிதம்பரத்துல நுழையறப்பதான் குலுக்கல் எல்லாம். பத்து மைலுக்கு ஒருவாட்டி எட்டிப் பாக்கறவன் குலுக்கலே இல்லன்னு எழுதிடுவான். அங்க மட்டும் நெருக்கி நெருக்கிப் பாக்கணும். அதான் என் வேலை."

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "அப்ப சிதம்பரத்துல டிரைவர் எப்பிடி ஓட்டறார்னு நல்லாத்தான் பாத்து வெச்சிருக்க" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அப்படிச் சொல்லத் தெரிந்தவனைத்தான் அந்த ஹாலில் ஊமையாக்கினார்கள். ஆய்வுக்குழு முன்னால் பேச்சு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் வாய் திறந்தால் கணக்கே தெரியாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 'திருப்தி' என்று அவர்கள் எழுதாவிட்டால் உதவித்தொகை நிற்கும். இன்னொரு முறை எழுதாவிட்டால் ஆராய்ச்சியே முடிந்தது, குப்பத்துக்குத் திரும்பி வலை இழுக்க வேண்டியதுதான். நீ என்ன செய்தாய்? பத்தாம் வகுப்புக் கட்டுரை மாதிரி முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தாய், இருமல் வருகிற இடம் உட்பட.

கடைசியில் கேள்வி கேட்க ஆள் வேண்டுமே. நம் துறையில் அது எப்போதும் நடக்கிற ஏற்பாடுதான். பேசுகிறவன் தன் நண்பனிடம் ஒரு கேள்வியை முன்கூட்டியே கொடுத்து வைப்பான், நண்பன் அப்போதுதான் தோன்றியது போல எழுந்து கேட்பான், இவன் வெளுத்து வாங்குவான். உன் கேள்வி என் சட்டைப் பையில் தயாராக இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டது.

நீ நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாய். நடுவில் வெளியூர் பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கி, அந்த இடத்தில் ஏன் அத்தனை புள்ளி என்று கேட்டார். கண்டக்டருக்கே நீ சொன்ன பதில் அது. நீ அவரைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய். பிறகு மைக்கைத் தட்டிவிட்டு, "ரெஸ்பெக்டட் சேர்பர்சன், டியர் ஃப்ரெண்ட்ஸ், குட் மார்னிங்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாய். ஹால் சிரித்தது. அதே இடம் வந்தது, அவர் மறுபடி கேட்டார், நீ மறுபடி "ரெஸ்பெக்டட் சேர்பர்சன்" என்றாய். இந்த முறை அவரும் சிரித்தார். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. உன்னையும் இரண்டு அறை அறையத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

அன்று பஸ்ஸில் ஆலப்பாக்கம் வந்தபோது, "நடுவுல எவனாவது வாயத் தொறந்தா எல்லாம் கொட்டிப் போவுது மச்சான். திரும்ப மொதல்லருந்துதான் பொறுக்கணும்" என்றாய்.

சரி, நடுவில் வாய் திறந்தே பழக்கிவிடுகிறேன் என்று சபதம் எடுத்தேன். அடுத்த மழைக்காலத்தில்தான் இரண்டாவது வாய்ப்பு, அதுவே கடைசி. அதுவரை தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ ஆங்கிலத்தில் பேசுவாய், நான் குறுக்கே விழுவேன். மணி என்ன என்பேன், காலை மிதிக்கிறாயே என்பேன், உருப்படியாகவும் சில கேள்விகள் கேட்பேன். கண்டக்டர் தன் பங்குக்கு வந்து டிக்கெட் எங்கே என்பார். மீன் கூடைக்காரம்மா கூட, "ஏந்தம்பி, யார இப்பிடித் திட்டற?" என்று கேட்டது. முதலில் ஒவ்வொரு முறையும் சேர்பர்சனிடம் ஓடினாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்றாய். ஆடி ஆவணியில், அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லிவிட்டு விட்ட வாக்கியத்தின் மிச்சத்தைப் பிடித்தாய். நான் உன் முதுகில் ஓங்கித் தட்டினேன். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேச்சு நாள் காலையில் நல்ல மழை. நீ ஸ்வெட்டர் போட்டு வந்தாய். கோட்டு கிடைக்கலையா மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தேன். உன் கண் சிவந்திருந்தது, படித்துப் படித்து என்று நினைத்தேன். ஒரு வாரமாகக் காய்ச்சல் அடித்ததும், டாக்டர் உடனே அட்மிட் ஆகச் சொன்னதும், பேச்சு முடியட்டும் என்று நீ அப்பாவின் வாயை அடைத்ததும் எனக்கு எப்படித் தெரியும்? ஏன்டா என்னிடம் மறைத்தாய்? தெரிந்தால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவேன் என்றுதானே? நிச்சயமாக இறக்கிவிட்டிருப்பேன்.

பஸ்ஸில் எனக்குப் புதுக் கேள்வி கொடுத்தாய். "கடைசியில இத கேளு மச்சான். குலுக்கல் ஓரத்துல வராம நடுவுல வந்தா, எங்க வரும்னும் தெரியலன்னா, உங்க முறை என்னா ஆவும்?"

பதில் இருக்கிறதா என்று கேட்டேன். "அங்க சொல்றேன். உனக்கு முன்னாடியே தெரிஞ்சா மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றாய்.

ஹாலில் காத்திருந்தோம். மதியத்துக்கு மேல் கைடு வந்து, மழையில் வெளியூர் பேராசிரியர் வரும் ரோடு துண்டாகிவிட்டதாம், அவர் வரவில்லை, பேச்சு தள்ளிப்போடப்பட்டது என்றார். யாரைக் குறை சொல்வது? நீ சரி சார் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினாய். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினாய், கை கம்பி வரை போகவில்லை. உன்னைத் தாங்கிப் பிடித்தபோதுதான் உடம்பு கொதிப்பது தெரிந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள், மழைத் தண்ணீரில் நடந்தால் வருவது, கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார்கள். நீ என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாய். மறுநாள் மாலை, படுத்தபடியே பேச ஆரம்பித்தாய். ரெஸ்பெக்டட் சேர்பர்சன், டியர் ஃப்ரெண்ட்ஸ். வார்டில் எல்லாரும் திரும்பினார்கள். நர்ஸ் வந்து கையைப் பிடித்து ஊசி போட்டார். நீ நிறுத்தினாய். ஊசி போட்டு முடிந்ததும், விட்ட வாக்கியத்தின் மிச்சத்திலிருந்து தொடர்ந்தாய். உன் அப்பா, "வேலு, தண்ணி குடிக்கிறியா சாமி" என்றார். நிறுத்தினாய், தொடர்ந்தாய். பக்கத்துக் கட்டில்காரர் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். நிறுத்தினாய், தொடர்ந்தாய். ஒரு தடவை கூட ஆரம்பத்துக்குப் போகவில்லை மச்சான். ஜெயித்துவிட்டாய். நானும் உன் அப்பாவும் தவிர யாருக்கும் அது தெரியாது.

கடைசியில், "எனி கொஸ்டின்ஸ்?" என்றாய்.

உன் அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது. வீட்டிலும் நீ பேசிப் பேசிப் பார்த்திருப்பாய் போல. என் தோளைத் தொட்டு, "கேக்குறான் இல்ல. எதனா கேளேன்ப்பா" என்றார்.

கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. குரல் வரவில்லை. நீ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். பிறகு, "தேங்க் யூ" என்றாய். விடியும்போது போய்விட்டாய்.

கைடு உன் வேலையைக் கட்டுரையாக அனுப்பினார், முதல் பெயராக உன் பெயரைப் போட்டு. அச்சானதை உன் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை மாதிரிக் குறி இருந்தது, இறந்தவர் என்று காட்ட அப்படிப் போடுவார்களாம். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உங்க கோயில் குறியாச்சே, எம்மவனுக்கு எதுக்கு?" என்று கேட்டார். நான் விளக்கினேன். "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையை மராமத்து செய்கிறார். நீ கேட்காமலே சொல்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறார்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ஒரு பெண், தேன்மொழி என்று பெயர், நெசவுக்காரர் வீடு. ஆய்வுக்குழு முன்னால் அவளுக்கு அன்று இரண்டாவது வாய்ப்பு. உன்னுடைய அதே வகைச் சமன்பாடுகள். நடுவில் முன்வரிசையிலிருந்து ஒருவர் குறுக்கிட்டார். ஆள் வேறு, குரல் அதே. அவள் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மைக்கைத் தட்டினாள். "ரெஸ்பெக்டட் சேர்பர்சன்..."

ஹால் சிரித்தது. தலைமை வகித்தவர் கடிகாரத்தைப் பார்த்து, போதும், உட்காரலாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"அவங்க ஆரம்பத்துல இருந்தே சொல்லட்டும் சார்."

நேரம் இல்லை, அடுத்து உங்கள் பேச்சுதான் என்றார்.

"என் நேரத்த எடுத்துக்கட்டும். நான் பேசப் போறதில்ல" என்றேன். போர்த்தியிருந்த பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, போய்ப் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். உட்காரப் பிடிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் மறுபடி எல்லாருக்கும் குட் மார்னிங் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசிவரை சொல்லி முடித்தாள். "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டுவிட்டு, முன்வரிசையைப் பயத்தோடு பார்த்தாள். அவளுக்காகக் கேள்வி வைத்திருந்த தோழி பயந்துபோய்க் குனிந்துகொண்டிருந்தாள்.

நான் கேட்டேன் மச்சான். தமிழில்தான் கேட்டேன். குலுக்கல் ஓரத்தில் இல்லாமல் நடுவில் வந்தால், எங்கே வரும் என்றும் தெரியாவிட்டால், உங்கள் முறை என்ன ஆகும்? இத்தனை வருடம் கழித்துக் குரல் வந்தது, கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

அவள் யோசித்தாள். திரையைப் பார்க்கவில்லை, ஆரம்பத்துக்கும் போகவில்லை. "தெரியல சார்" என்றாள். "அத நானும் யோசிச்சுகிட்டுதான் இருக்கேன். பாத்துட்டுச் சொல்றேன்."

குழு அவளுக்கு என்ன எழுதியது என்று இன்னும் தெரியவில்லை. என்னை இனிமேல் கூப்பிட மாட்டார்கள், அது மட்டும் தெரியும். உனக்கு அன்று பதில் தெரிந்திருந்ததா வேலு? இல்லை, நீயும் தெரியல சார் என்றுதான் சொல்லியிருப்பாயா?

அவள் கண்டுபிடித்துச் சொன்னால், நான் சோனாங்குப்பத்துக்கு வந்து, உன் அப்பா பக்கத்தில் மணலில் உட்கார்ந்து உனக்கு முழுசாகச் சொல்கிறேன். இது சத்தியம். எத்தனை தடவை வேண்டுமானாலும் குறுக்கே பேசு. நான் ஆரம்பத்துக்கே போய்விட்டால் மட்டும் சிரிக்காதே.

இன்னும் நின்றுகொண்டே வரும்
உன் மச்சான்,
ஜெரால்டு
செம்மண்டலம், கடலூர்