ஏழாம் எண் கல்லின் அம்புக்குறி

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. என் ஆய்வு வழிகாட்டி ராஜேந்திரன் சார் அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பாக்கி ஏழாம் எண் கல் மட்டும்தான். பூமிக்கடியில் சூட்டில் இளகி, சப்பாத்தி மாவு மாதிரி இழுபட்ட பாறையிலிருந்து பெயர்த்தது. உள்ளே வெள்ளை மணிகள், அவற்றுக்கு வால். வால் சாய்ந்திருப்பதை வைத்து, பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லலாம். வடக்கே என்று ஊகித்து எழுதியிருக்கிறேன், இந்தக் கல்தான் சாட்சி. பூஜை விடுமுறை முடிந்து, அடுத்த வாரத் திங்கள்கிழமை சென்னைக்கு, மெல்லிய சீவலாக அறுக்க அனுப்பணும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அப்பா ஆட்டோவுக்கு மாலை. என் சுத்தியல் பக்கத்தில் கல்லையும் வைத்திருக்கிறாள் அம்மா. பளபளவென்று. மஞ்சள், குங்குமம்.

அம்புக்குறி எங்கே?

"இன்னாத்துக்குடி கத்துற? பூஜைக்கு வெக்கிறத கழுவாம வெப்பாங்களா? ஏதோ பேனாக் கிறுக்கல், சோடா உப்பு போட்டுத் தேச்சேன்."

கிறுக்கலாம்! பெயர்க்கும் முன் வடக்கைக் காட்டி நான் போட்ட அம்பு. அம்பு இல்லாமல் அது வெறும் கல். அன்றைக்குப் போனில் சார்ஜ் இல்லை, படமும் எடுக்கவில்லை. அம்மாவைச் சொல்லி என்ன? அறிவு கெட்டவள் நான்தான்.

அக்டோபர் 2

சாப்பிடவில்லை. அம்மாவும்.

அக்டோபர் 3, வெள்ளி

அம்மா தேய்த்த தேய்ப்பில் வால் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அத்தியாயம் சரியாக வரும்படி அம்பைப் போட்டுவிட்டேன். யாருக்குத் தெரியும்? சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்? — வேண்டாம்.

அக்டோபர் 4

அம்மா கதவருகே நின்றாள். "ஏன்டி, பேத்த எடத்துலயே திரும்ப வெச்சிப் பாத்தா தெரியாதா?"

எனக்கு ஏன் தோணவில்லை? தோணியிருக்கும். பயந்தாங்கொள்ளி.

அங்கே ஜல்லிக்குப் பாறை உடைக்கிறார்கள். நான் பெயர்த்த பள்ளம் இருக்குமா?

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பா ஆட்டோவில் போனோம். பாதிப் பாறை போய்விட்டது. என் பள்ளம் இருந்தது, உடைத்த இடத்திலிருந்து நாலடி தள்ளி.

அம்மாதான் வைத்தாள். ஒரு வாகில்தான் உட்கார்ந்தது, கச்சிதமாக. நான் போட்ட அம்பு தெற்கைக் காட்டியது. அப்படியென்றால் பாறை நகர்ந்ததும் தெற்கேதான், அத்தியாயமே தப்பு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "தப்பா வெச்சிட்டேனாடி?" என்றாள். இல்லம்மா, நான்தான் தப்பு. அழுதேன்.

அக்டோபர் 6, திங்கள்

சாரிடம் எல்லாம் சொன்னேன். பொய் அம்பு உட்பட. "மூணாவது அத்தியாயம் போச்சு. இருபத்தஞ்சு நாள் இருக்கு, எழுதும்மா" என்றார்.

கொரியருக்குக் கொடுக்கும் முன் பொய் அம்பை அழித்துவிட்டு, என் சிவப்பு நெயில் பாலிஷால் அம்பை வரைந்தேன், சரியான பக்கம். அம்மா சோடா உப்பு டப்பாவை நீட்டினாள்.

"நீயே தேச்சிப் பாத்துடு."

தேய்த்தேன். போகவில்லை.