சுவர்மீன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலமா? உன் இடுப்புவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது நாம் போட்ட சண்டையைக்கூட மறந்துவிட்டேன்.

பைண்டிங் கடையில் ஒரு வேடிக்கை. நூலகத்திலிருந்து தைக்க வந்த சிறுவர் நாவல் ஒன்றைப் புரட்டினேன். அதில் இரண்டு தோழிகள். ஒருத்தியின் அப்பா வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போகிறார். அவள் பல்லியைச் 'சுவர்மீன்' என்கிறாள். அது நம் பாப்பா வைத்த பெயரல்லவா? நம் வாசலைத் தாண்டாத பெயர்!

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர். சிரித்து மழுப்பினேன்.

நாவலில், அப்பாவின் கடிதத்தைப் படித்தால் அம்மா அழுவாள் என்று, அந்தப் பெண் எல்லாக் கடிதங்களையும் தையல் மெஷின் இழுப்பறையில் ஒளித்துவைக்கிறாள். தோழிக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு பக்கங்களைக் காணோம்.

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. சட்டைக்கு நாலு வெள்ளைப் பொத்தான் அனுப்பு. நம் மெஷின் இழுப்பறையில்தான் இருக்கும், திறந்து பார்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

பாப்பா, இதைப் பிரித்தது நீதான் என்றால், அம்மா அழுதாலும் பரவாயில்லை, கொடுத்துவிடு.

அப்பா