நூற்றுக்கு ஒன்றரை

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க விழைகிறேன். எங்கள் அரசுக் கல்குவாரியிலிருந்து இரண்டாம் ரயில் பாதைக்கு இம்மாதமும் குறைவின்றி ஜல்லி அனுப்பிவிட்டோம். குவாரிக்கும் பாதைக்கும் பொறுப்பான பொறியாளர், என் மாத அறிக்கையைக் கூட்டத்தில் உரக்க வாசித்தாராம். பள்ளி வாசலை மிதியாதவள் எழுதியது! எடைமேடைக்காரர் மட்டும், "புலவரம்மா, ஜல்லிக்கு எதுக்கு இவ்வளவு நகை?" என்று கேலி செய்கிறார். உன் கணவரிடம் சொல்: தண்டவாளத்துக்கடியில் அவர் கெட்டிக்கும் கல் என் கையெழுத்தோடு வருகிறது. நீதான் இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை.

மாறாத அன்புடன்,
அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

மழையில் புதுப்பாதை அமுங்கிவிட்டது. ஜல்லிக்கு நடுவே சேறு பொங்குகிறதாம். "மேஸ்திரி ஒழுங்கா கெட்டிக்கலை" என்று இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இவர் ஜல்லியை அள்ளிக் காட்டியிருக்கிறார். கை முழுக்கத் தூள்; அதுதான் மழையில் சேறாகிறது என்றாராம். பொறியாளர், ஜல்லியோடு நீ கையெழுத்திட்டு அனுப்பிய சான்றிதழை நீட்டினாராம்: தூள் நூற்றுக்கு ஒன்றரை. அதைப் பார்த்ததும் இவர் அள்ளிய ஜல்லியைக் கீழே போட்டுவிட்டார். "உங்க அக்கா எழுதினா தப்பிருக்காதுடி. என் கைதான் பிசகியிருக்கும்" என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறார். உன் தமிழில் ஒரு மனு எழுதிக் கொடு அக்கா. உன்னை விட்டால் யார்?

தங்கை

ஜூலை 6

தங்கைக்கு,

மனு எழுத அமர்ந்தேன். மூன்று தாள்கள் எழுதி மூன்றையும் கிழித்தேன்.

அந்தச் சான்றிதழ் பொய். மாதந்தோறும் ஜல்லியைக் கழுவி, உலர்த்தி, சலித்து, தூள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. முதல் மாதம் பொறியாளரே போட்டுக் காட்டினார்: ஒன்றரை. புரிந்ததுபோல் தலையாட்டினேன். எடைமேடைக்காரரைக் கேட்டிருக்கலாம். புலவரம்மா போய்க் கேட்பதா? எட்டு மாதங்கள் அதே ஒன்றரையைப் பார்த்தெழுதினேன். இடையில் கல் உடைக்கும் இயந்திரத்தில் தூளைப் பிரிக்கும் சல்லடை கிழிந்தது. அப்போதும் ஒன்றரை.

பொறியாளருக்கு இன்று அனுப்பியது இதுதான்: "ஐயா, நான் ஜல்லியைச் சலிக்கவில்லை. எனக்குக் கணக்கு தெரியாது. மேஸ்திரி மீது தவறில்லை."

உன் கணவர் தன் கையை நம்பாமல் என் எழுத்தை நம்பினாரே, அவர் எதிரில் நிற்க எனக்கு முகமில்லை.

அக்கா

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

இவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உன் வேலை போனதாகக் கேள்விப்பட்டேன். "அவங்கள வரச் சொல்லு. அந்தக் கணக்க நான் சொல்லித் தரேன், அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல" என்கிறார்.

ஒரு மாதம் இந்த மனுஷன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அவர் சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். இப்போது வராதே. நான் கூப்பிடும்போது வா.

தங்கை