கல்லுக்கு அப்பால் இருந்த கிணறு

கிணற்றுக்கட்டுக்குப் பூசிய சுண்ணாம்பின் வாசம் இன்னும் என் கையில் இருக்கிறது. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தவரை உங்களை நான் 'நீ' என்றுதான் அழைத்தேன். வீதி கூட்டும் போர்டுக் கூலியை அப்படி அழைப்பதுதான் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் வழக்கம். இந்தக் கடிதத்திலாவது அது மாறட்டும்.

விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு நான் வரும்போது உங்கள் விளக்குமாற்றுச் சத்தம் என் கடை வாசலில் கேட்கும். ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் சனிட்டரி போர்டு உங்களுக்குக் கொடுத்த வேலை, வீதியையும் ஓரத்துச் சாக்கடைக் கானையும் தன் எல்லைக்கல் வரை சுத்தம் செய்வது. கல்லுக்கு அப்பால் ரப்பர்த் தோட்டம். கூலிகளின் வரிசை வீடுகளான உங்கள் லயமும் லயத்துக் கிணறும் அங்கேதான். வேலை முடிந்ததும் நான் தரும் தேத்தண்ணியைப் படிக்கு வெளியே நின்று குடிப்பீர்கள். தோட்டத்தில் பால் வெட்டப் போகும் மகளைப் பற்றியே பேச்சு. அவள் சிரித்தால் லயமே திரும்பிப் பார்க்கும் என்பீர்கள். எத்தனை தரம் கேட்டிருப்பேன், சலித்ததே இல்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு காகிதத்தோடு வந்தீர்கள். கடைவீதிக் கான் கல்லோடு நின்றுவிட, அழுக்குத் தண்ணீர் சரிவில் இறங்கிக் கிணற்றில் சேர்ந்துகொண்டிருந்தது. கிணறு எங்கள் எல்லையில் இல்லை என்றது போர்டு; கான் எங்களுடையதல்ல என்றார் தோட்டத்துத் துரை. கானை நீட்டி, கிணற்றுக்குக் கட்டுக் கட்டித்தரக் கேட்கும் பெட்டிசம் அது. கீழே உங்கள் பெருவிரல் ரேகை. ஆனால் வீட்டுவரி கட்டுகிறவன் கையெழுத்து இல்லாவிட்டால் போர்டு அதைப் பிரித்தும் பார்க்காது.

"முதலாளி, நீங்க ஒருத்தர் போட்டா போதும். மத்த கடைக்காரங்களும் போட்டுருவாங்க."

"கல்லுக்கு அங்கால உள்ளதப் பத்தி நாங்க பேச ஏலாது. நீ தொரைக்கிட்டப் போய்க் கேளு" என்று காகிதத்தை வாங்கி மேசைக்குள் போட்டேன். உண்மைக் காரணம் வேறு. கருவாடு கழுவிய தண்ணீரைக் கொல்லைப்புறமாக அந்தக் கானில்தான் விட்டுக்கொண்டிருந்தேன். கானைப் பார்க்க போர்டு இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் என் கொல்லைக்குத்தான் வருவார்.

பத்து நாளில் லயத்தில் நான்கு பேருக்கு வாந்திபேதி கண்டது. உங்கள் மகள்தான் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளும் என் வாசலைக் கூட்டினீர்கள். தேத்தண்ணியை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கல்லைத் தாண்டிக் கிணறு வரை கூட்டிக்கொண்டே போனீர்கள். தினமும் அப்படியே. எல்லைக்கு வெளியே வேலை செய்வதாக போர்டு ஓவசியர் கத்தினார்.

"தண்ணி கல்லுல நிக்கலீங்களே, ஐயா" என்றீர்கள்.

அந்த மாதமே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் நீங்களும் போய்விட்டீர்கள்.

சென்ற வருடம் என்னையும் போர்டில் ஓர் அங்கத்தவனாக நியமித்தார்கள். முதல் கூட்டத்திலேயே அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தேன். ரேகை வைத்தவர் வரி கட்டுகிறவரா என்று தலைவர் கேட்டார். இல்லை, மகளைப் பறிகொடுத்தவர் என்றேன். கருவாட்டுத் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். பிறகு உங்கள் ரேகைக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கானை நீட்ட முதலில் தோண்டியது என் கொல்லையைத்தான்; கடைசியாகக் கிணற்றுக்குக் கட்டு எழுந்தது.

இன்று லயத்துப் பெண்கள் முதல் வாளி இறைத்தார்கள். உங்கள் மனைவி ஒரு செம்பில் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"குடிங்க முதலாளி. நீங்க கட்டிக்குடுத்த கிணறு."

கருவாட்டுத் தண்ணீரைப் பற்றி அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. செம்பை வாங்கினேன், குடிக்காமல் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தேன். போர்டில் அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்ததை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நாளைக்குக் கல்லைத் தாண்டிப் போய்ச் சொல்லவேண்டும்.