சொல்லக்கூடாத "போயிட்டு வாங்க"

என் செல்ல அத்தாவுக்கு சலாம்!

வாய்ஸ் நோட் எல்லாத்துக்கும் ப்ளூ டிக் மட்டும்தான் விழுது, பதிலே இல்ல. அதான் பேப்பர்ல எழுதுறேன். நான் ஆஸ்பத்திரியில வாலண்டியரா சேர்ந்தது உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். ஆனா இதை மட்டும் கேளுங்க.

நேத்து பச்சைமலை மருதை ஐயா டிஸ்சார்ஜ். கேட் வரைக்கும் வீல்சேரை நான்தான் தள்ளிட்டுப் போனேன். குஷியில டாட்டா காட்டி, "போயிட்டு வாங்க ஐயா!"ன்னு கத்திட்டேன். அவர் வீட்டம்மா முகமே மாறிடுச்சு.

"ஏம்மா, திரும்ப வேற வரணுமா?"

இளவேனில் சிஸ்டர் (நான் அவங்களோட வெறித்தனமான ஃபேன்!) ஓடி வந்தாங்க. "லூசு! ஆஸ்பத்திரியில அதைச் சொல்லவே கூடாது. 'நல்லாருங்க'ன்னு சொல்லு."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஐயாதான் சிரிச்சாரு. "நாங்க வர மாட்டோம். நீ எங்க மலைக்கு வா புள்ள, கிழங்கு அவிச்சுத் தரேன்."

காட்டூர் பஸ்ல உக்காந்ததும் உங்க ஞாபகம்தான். துபாய்க்குக் கிளம்புறப்ப, என் மேல இருந்த கோவத்துல, ஏர்போர்ட்ல வெறும் "போறேன்"னு சொன்னீங்க. "வரேன்"னு சொல்லல. எனக்கும் வாயே வரல.

நம்ம வீடு ஆஸ்பத்திரி இல்லையே அத்தா. இங்க நான் தாராளமா சொல்லலாம்ல?

போயிட்டு வாங்க.

உங்க வாயாடி மக