லிப்டும் வாய்வும்

என்னைத் தனியே விட்டுவிட்டு மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தாவுக்கு,

கொட்டிவாக்கத்தில், எட்டாவது மாடியில், பேத்தியோடு சுகமாக இருப்பாய். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

போன ஞாயிறு உங்கள் லிப்டில் கதவு மூடியதும் எனக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டியது. முதல் மாடியிலேயே வெளியே ஓடிவந்து, வாய்வு என்று சொன்னேன். நீ மருமகனிடமே, "வாய்வும் இல்ல, ஒண்ணும் இல்ல நைனா. உங்க மாமாவுக்கு பயம் வந்துகீது" என்று சிரித்தாய். காலமெல்லாம் கடலுக்குப் போனவனுக்குப் பயமா?

ஈசிஜி பார்த்த டாக்டரும் இதயத்தில் கோளாறு இல்லை, இது பதற்ற நோய் என்றார். அவரை நம்பாமல் மந்தைவெளி நூலகத்தில் நானே தேடிப் படித்தேன். அதில் பல வகை உண்டாம். என்னுடையது திடீரென்று அலை மாதிரி எழும்பி, சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும். அதனால் உயிர் போகாதாம். இன்னொரு வகை, நாள் முழுக்க எதையாவது நினைத்துக் கவலைப்படுவது. என் படகு கரைக்கு வரும்வரை சோறு இறங்காமல் மணலில் நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளை நான் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை.

எட்டு மாடி ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. பேத்தியைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் வருகிறேன். நீ கீழே வந்து நில். லிப்டில் என் கையைப் பிடித்துக்கொள். யாராவது பார்த்தால், உனக்குத்தான் பயம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
வாய்வுக்காரனான உன் வீட்டுக்காரன்