சத்தம் போடாத வீடு

ஏப்ரல் 24

இன்று மருத்துவ நுழைவுக்கான கடைசி மாதிரித் தேர்வு. வேதியியலில் பாதிக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. எழுத்து தெரிகிறது, வாசிக்கிறேன், பொருள் மட்டும் தலைக்குள் வரவில்லை. உள்ளங்கை வியர்வை பட்டு, விடைத்தாளில் கறுப்படித்த வட்டங்கள் ஈஷிக்கொண்டன. வாசலில் அப்பா ஸ்கூட்டரில் காத்திருந்தார். "எப்படிம்மா?" என்றார். நல்லா எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 25

தேர்வு முடியும்வரை தம்பி சித்தி வீட்டில் இருப்பானாம். செருப்பு மாட்டும்போது, "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டான். அம்மா அவன் பையை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜையெல்லாம் சரிசெய்பவர். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் எப்போதும் உறுமும். இன்று அதை என் அறைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார். டிவி மேல் போர்வை. இழவு வீடு தோற்றது. "எதைப் பத்தியும் கவலைப்படாத. படிக்கறது மட்டும்தான் உன் வேலை" என்றாள் அம்மா. அது ஒன்றுதானே முடியவில்லை.

ஏப்ரல் 27

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மலை அடக்கினாள். பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 28

குருவி போன் செய்தாள். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி. கீச்சுக் குரலால் அந்தப் பெயர். "நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை முடிச்சிட்டேன், நீ?" என்றாள். மூணாவது ஓடுது என்றேன். வாய் கூசவில்லை. போனை வைத்ததும் குளியலறைக்கு ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன், வெளியே கேட்கக்கூடாதே என்று. இயற்பியல் சூத்திரம் ஒன்று — நேற்று மனப்பாடம் — இன்று சுத்தமாக இல்லை. எங்கே போகிறது எல்லாம்?

ஏப்ரல் 30

அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். எனக்காக லீவு போட்டுவிட்டாள். என் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கதவிடுக்கில் அவள் கால் நிழல் தெரிகிறது. பக்கம் திரும்பும் சத்தம் கேட்கட்டும் என்று படிக்காமலே புரட்டுகிறேன்.

மாடிப்படியில் நின்றேன். தவறி விழுந்து வலது கை ஒடிந்தால் எழுதவேண்டியதில்லையே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் சொல்வது? சொன்னால் இவர்கள் இன்னும் மெதுவாக நடப்பார்கள்.

மே 2

சொல்லிவிட்டேன். மதியம், சாப்பிடும்போது.

"நான் போகலப்பா."

"எங்க?"

"பரீட்சைக்கு. எனக்கு ஒண்ணுமே நிக்கல. அன்னிக்கு நல்லா எழுதினேன்னு சொன்னது பொய். பாதிகூட எழுதல."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாதான் பொங்கினாள். "உனக்காக இத்தனை நாளா மூச்சுகூட விடாம இருக்கோமேடி."

"யாரு இருக்கச் சொன்னா? நீங்க மூச்சு விடாம இருக்கறதுலதான் எனக்கு மூச்சு முட்டுது."

கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். "எனக்கு மட்டும் தூக்கம் வருதா? கண்ணை மூடினா நீ பரீட்சை ஹால்ல திருதிருன்னு முழிச்சிட்டு உக்காந்திருக்கறதுதான் தெரியுது." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா குரல்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சோற்றுக்கை காய்ந்துபோனது.

அப்பா எழுந்து போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது பின்னால் தம்பி. அவன் வந்ததும் டிவி போர்வையை உருவி, கால்பந்து போட்டான். யாரும் தடுக்கவில்லை.

"போறதும் போகாததும் உன் இஷ்டம். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

தம்பி கோலுக்குக் கோல் கூவிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து உயிரியலில் ஒரு பாடம் படித்தேன். கொஞ்சம் ஏறிய மாதிரி இருந்தது.

மே 4

போனேன்.

முதல் பக்கம் — மறுபடியும் அதே. வெறும் எழுத்து. பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்விடலாமா? போனால் யாரும் அடிக்கப்போவதில்லை. அப்படி நினைத்ததும் எழுந்துகொள்ளும் அவசரம் கொஞ்சம் தணிந்தது. தெரிந்த ஒரே ஒரு கேள்வி கிடைத்தால் போதும் என்று தாளைப் புரட்டினேன். நடுவில் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்று. அதைக் கறுப்படித்தேன். பிறகு அதன் பக்கத்தில் இருந்தது.

மணி அடித்தபோது நிறைய மிச்சம். அப்பாவிடம் நானாகவே, "கொஞ்சம் விட்டுட்டேன்" என்றேன். "சரி, ஏறு" என்றார்.

ஜூன் 11

மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை. குருவிக்குப் போதும்.

ஜூன் 12

எழுத ஒன்றுமில்லை. அழுதாயிற்று.

ஜூலை 3

சேர்க்கை மையத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் மதிப்பெண் தாளிலிருந்து நிமிராமலே, "என்ன சார் எடுக்கறீங்க? மறுபடியும் டாக்டருக்கு எழுத வைக்கறீங்களா, இல்ல வேற ஏதாவதா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"படிக்கப்போறது அவதானே. அவளையே கேளுங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிசியோதெரபி" என்றேன். கூட்டத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.